சாய்மானம்

பெரட்டு முடிந்த அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். விடிவதற்கு முன் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு "சாக்கிட்" என்று சொன்னவர்களைக் கங்காணி அப்பாவு மாடுகளை ஓட்டி வருவதுபோல் ஓட்டி வருவார். அவர்களை இரண்டாகப் பிரிப்பது என் வேலை. வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார முடிந்தவனுக்கு மருந்தைக் குடிக்கக் கொடுத்து வேலைக்கு அனுப்ப வேண்டும். உட்கார முடியாமல் சரிகிறவனுக்குத்தான் கட்டில். தோட்டத்துத் துரை சொன்ன விதி இது. எனக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசரும் இதை வைத்துத்தான் பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருந்தார். பொய் சொல்லுகிறவனைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்கும் தெரியவில்லை. குளிர்காய்ச்சலில் நடுங்குகிறவன் உட்காரமாட்டான். வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவனும் உட்காரமாட்டான். பெரும்பாலும் விதி சரியாகவே இருந்தது.

வீரம்மாவிடம் மட்டும் அது செல்லவில்லை. அவளால் உட்கார மட்டுமே முடியும்.

பெஞ்சின் நுனியில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைக் காதுவரை ஏற்றிக்கொண்டு உட்காருவாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தடிக் குழி உள்ளே போகும். மூச்சின் விசில் சத்தம் வாசல் கேட் வரைக்கும் கேட்கும். யாரையும் பார்க்கமாட்டாள். அடுத்த மூச்சைத் தவிர அவளுக்கு வேறு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. வயது இருபத்தேழு இருக்கலாம். புகைக்கொட்டகையில் வேலை. ரப்பர் பால் உறைந்து தகடான பிறகு மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டு ஐந்தாறு நாள் காயவைப்பார்கள். காய்ந்த தகட்டை எடுப்பதும் ஈரத் தகட்டைப் போடுவதும் அவள் வேலை. நாள் முழுக்க அந்தப் புகைக்குள் போய்ப்போய் வருவாள். நான் அவளுக்குக் காய்ச்சல் மருந்தான கொய்னா கொடுத்தேன். எல்லோருக்கும் அதைத்தான் கொடுப்பேன். பிறகு இருமல் மருந்து. பிறகு விதிப்படி புகைக்குள் திருப்பி அனுப்பினேன். இப்படி ஏழெட்டு மாதம்.

அப்பாவுக்கு அவளைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "டிரெசரையா, இவ இழுக்கிற இழுப்புக்கு மாட்டை அவுத்துட்டு இவளை வண்டியில பூட்டலாம்லா" என்றார் ஒருநாள். பெஞ்சில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். வீரம்மா மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பதில் சொன்னாள்.

"பூட்டுங்க... கங்காணி. முதல்ல உங்க... தொப்பையை ஏத்தணும். அதுக்கே... ரெண்டு மாடு பத்தாது."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் ஆனது. யாரும் குறுக்கே பேசாமல் காத்திருந்தார்கள். சிரிப்பு இந்த முறை பெரிதாக வந்தது. அன்றும் அவளை வேலைக்கு அனுப்பினேன்.

அவள் புருஷன் பத்துமலை பால் வெட்டுகிறவன். பேச்சு குறைவு. ஒரு புதன்கிழமை மத்தியானம், பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, வாளி கையில் இருக்க, என் முன்னால் வந்து நின்றான். தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். புகைக்கொட்டகையிலிருந்து மாற்றிப் புல்லுவெட்டில் போட, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டுமாம். அது இல்லாமல் துரை ஒத்துக்கொள்ளமாட்டாராம். பெரிய டாக்டர் ஈப்போவிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை காரில் வருவார். இந்த வெள்ளிக்கிழமை வரும் நாள். ஆனால் அவர் பார்ப்பது கட்டிலில் கிடப்பவர்களை மட்டும். பெஞ்சுக்காரர்கள் என் பொறுப்பு.

"ஒரு கட்டில் குடுங்க ஐயா" என்றான்.

கொடுக்கலாம், ஆனால் டாக்டர் வரும்போது அவள் படுத்திருக்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்றேன்.

"படுக்கமாட்டா ஐயா. படுத்தா மூச்சு அடைச்சிரும். மூணு வருசமா படுக்கல."

பிறகு எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டேன். மருத்துவம் பார்க்கிறவன் முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பத்துமலை வாளியைக் கீழே வைத்தான். சொல்ல வெட்கப்பட்டான்.

"நான் பாயில ஒக்காந்துக்குவேன். அவ எதிர்ப்பக்கமாத் திரும்பி ஒக்காந்து என் முதுகுல சாஞ்சுக்குவா. அப்படியே தூங்கிருவா."

"நீ?"

"பழகிருச்சு. அசைஞ்சா முழிச்சுக்குவா. அசையமாட்டேன்."

விடிவதற்கு முன் பெரட்டுக்கு வரும் ஆள் இவன். முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவன். முதுகு எப்போதும் பலகை வைத்துக் கட்டியதுபோல் நேராக இருக்கும். திமிர் என்று நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என்னைப்பற்றிச் சொல்ல வேண்டும். நான் பாஸ் பண்ணிய டிரெசர் இல்லை. ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருஷம் படித்தேன். படிப்பு என்றால் பெரும்பகுதி ராத்திரி டூட்டி. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு விடியற்காலையில் விளக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் புந்தோங் வரைக்கும் நடந்தே போனேன். திரும்பவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, அலுத்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் இந்தத் தோட்டத்தில் சர்ட்டிபிகேட்டைப் பற்றி யாரும் அழுத்திக் கேட்கவில்லை. அதுவே போதும் என்று சேர்ந்துகொண்டேன்.

ஈப்போவில் ஒரு ராத்திரி மீரா சாஹிப் என்ற ஜவுளி வியாபாரியை இழுப்போடு கொண்டுவந்தார்கள். வீரம்மாவைப்போலவே உட்கார்ந்துகொண்டு கண்கள் பிதுங்க இழுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தார். சின்னக் கண்ணாடிப் புட்டியிலிருந்து எதையோ ஊசியில் ஏற்றிக் கையில் போட்டார். பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. அந்த மனிதர் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனார். விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். புட்டியில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் யாரிடமும் கேட்கவில்லை. வலியில் கத்துகிறவனை அமைதியாகத் தூங்கவைக்கும் ஊசி ஒன்று எனக்குத் தெரியும், மார்ஃபியா. இதுவும் அதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மீரா சாஹிபுக்குப் போட்டது அட்ரினலின். இப்போது தெரியும். என் அலமாரியிலேயே இரண்டாம் தட்டில் ஒரு புட்டி இருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தால் பஞ்சில் நனைத்து வைக்கும் மருந்து என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வீரம்மா வந்துவிட்டாள். ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தேன். கட்டிலின்மேல் ஏறி, வழக்கம்போலக் கைகளை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். முதல்நாள் புகைக்கொட்டகையில் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்த்திருந்தாள். இழுப்பு நான் அதுவரை பார்த்ததைவிட மோசமாக இருந்தது. டாக்டர் வரும்போது கால்மணி நேரம் படுத்திருந்தால் போதும், அதற்கு ஒரு ஊசி போடுகிறேன் என்று சொன்னேன்.

"படுத்தா நோயாளி... ஒக்காந்தா வேலைக்காரி" என்றாள். "நல்ல... கணக்குய்யா ஒங்களோடது."

பத்து மணிக்கு மார்ஃபியா போட்டேன். அளவு சரியான அளவுதான். வலிக்காரனாக இருந்தால் சரியான அளவு.

இருபது நிமிஷத்தில் தோள்கள் இறங்கின. முழங்காலிலிருந்து கைகள் வழுக்கி மடியில் விழுந்தன. விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. வாளியோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த பத்துமலை உள்ளே எட்டிப் பார்த்தான். வீரம்மா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, சத்தம் நின்னுருச்சு. படுக்கட்டுமா?"

படு என்றேன். தலையணையில் தலையை வைத்துவிட்டு ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடுவோம் என்று பயப்படுவதுபோல. கொஞ்ச நேரத்தில் பிடியையும் விட்டாள். பத்துமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பெரிய டாக்டர் பதினொரு மணிக்கு வந்தார். ஒன்பது கட்டில், பன்னிரண்டு நிமிஷம். வீரம்மாவின் நெஞ்சில் இரண்டு இடத்தில் குழாயை வைத்தார். நாள்பட்ட இழுப்பு என்று சொன்னேன். இப்போது சத்தம் ஒன்றும் இல்லையே, நல்லது என்றார். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். புகையிலிருந்து மாற்றவேண்டும் என்று கேட்டதும் மறுக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார். காற்று போய்வந்தால்தான் சத்தம் வரும், இழுப்புக்காரியின் நெஞ்சு திடீரென்று ஊமையானால் பயப்படவேண்டும், மார்ஃபியா மூச்சையே அடக்கிவிடும் என்பதை அடுத்த தடவை வந்தபோது அவரேதான் எனக்குச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மேலும் மூன்று தோட்டம் போகவேண்டியிருந்தது.

காகிதத்தை ஜன்னல் வழியாகப் பத்துமலையிடம் கொடுத்தேன். வாங்கி இரண்டு கையாலும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு கிராணி ஆபீசுக்கு ஓடினான். அங்கே துரை வரும்வரை காத்திருக்கவேண்டும். நான் சாப்பிடப் போனேன். போகும்போது ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் இருளாயி, "அசந்து தூங்குது பாவம், யாரும் எழுப்பாதீங்க" என்று விரலை வாயில் வைத்துக் காட்டினாள். கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது கட்டிலருகில் போனதும் தெரிந்துவிட்டது. நகம் எல்லாம் நீலம். தூக்கி உட்காரவைத்தேன். உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. தலை என் தோளில் விழுந்தது. கையை மேலும் கீழும் தூக்கி மூச்சு வரவைக்கும் வித்தை ஈப்போவில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதை நெடுநேரம் செய்தேன். இருளாயி துடைப்பத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவளை அப்பாவுவைக் கூப்பிட அனுப்பினேன்.

அவருக்கு முன் பத்துமலை வந்துவிட்டான். ஓடி வந்திருந்தான். வாசற்படி ஏறும்போதே உள்ளே பார்த்துப் பேசினான்.

"திங்கக்கெழமையிலேருந்து புல்லுவெட்டாம் புள்ள. கிராணி பேரை மாத்திட்டாரு."

நான் வழியில் நின்றேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லவேண்டியதை நேராகத்தான் சொல்லியிருப்பேன். அவன் என்னைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தான்.

"படுத்திருக்காளே ஐயா" என்றான்.

ஊசியைப்பற்றிக் கேட்பான் என்று காத்திருந்தேன். இன்றுவரை கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் விளிம்பில், அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, முதுகைத் தன் முதுகோடு சேர்த்துக்கொண்டான். எத்தனையோ இரவு செய்து பழகிய கை. பார்க்காமலே செய்தது. அவள் தலை பின்னால் சாய்ந்து அவன் பிடரியில் பொருந்தி நின்றது.

அப்பாவு இரண்டு ஆட்களோடும் மூங்கில் கழிகளோடும் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தூக்கலாமா என்று கண்ணால் என்னைக் கேட்டார்.

பத்துமலை முழங்கால்களில் கைகளை ஊன்றி நேராக உட்கார்ந்திருந்தான். வெளியே புகைக்கொட்டகைப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. அவன் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, முதுகு அசைந்துவிடாமல், விட்டுக்கொண்டிருந்தான்.