ஒன்பதாம் வார்டின் வாசல்

இடிக்கப்போகும் பழைய மனநல ஆஸ்பத்திரிக்குள் அக்காவைக் கூட்டிப் போவது சரிதானா என்று ஓரின் ஹாகனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வேறு வழியும் தோன்றவில்லை.

அக்கா சிக்னே இப்போது இருப்பது ஊருக்குள் ஒரு காப்பகத்தில். சொந்த அறை, மஞ்சள் திரை, சன்னலுக்கு வெளியே குருவிகளுக்குத் தீனித் தட்டு. அவளால் யாருக்கும் தொந்தரவு கிடையாது, ஒன்றைத் தவிர. தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்தால் எல்லோரும் தாமாக வெளியே வர வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது. சிக்னே திறந்த கதவுவரை வந்து நின்றுவிடுவாள். அதற்குமேல் ஓரடி வைக்க மாட்டாள். ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமையும் நின்றால், பூட்டிய இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே திரையும் கிடையாது, குருவியும் கிடையாது.

பல வருடம் அடைந்து கிடந்த அந்த ஆஸ்பத்திரியின் பூட்டு இன்னும் அவள் மனதில் தொங்குகிறது என்று ஓரின் நினைத்தான். அது பாழாய்க் கிடப்பதைக் கண்ணால் பார்த்து, அதன் வாசலை அவளே தாண்டி வந்துவிட்டால் போதும். யோசித்து யோசித்து அவன் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

வெளிவாசலில் காவலுக்கு இருந்தவர் டுவேன் புரூயிட். அந்த நாளில் அவள் வார்டுக் காவலராக இருந்தவர்; இப்போது காலிக் கட்டடத்துக்குக் காவல்.

"அட, நம்ம சிக்னேவா? இன்னும் சாகலையா நீ?"

"நீங்களும் சாகலையே சார்," என்றாள் சிக்னே.

டுவேன் வயிறு குலுங்கச் சிரித்தார். "வாய் மட்டும் அப்படியே இருக்கு. போங்க, போய்ப் பாருங்க. படியில மட்டும் பாத்துக் காலை வைங்க."

நடையில் சுவர்ப் பெயிண்ட் செதில் செதிலாய் உரிந்து கிடந்தது. வலதுபக்கச் சுவரை ஒட்டியே சிக்னே நடந்தாள். நடு நடை வெறிச்சென்று கிடந்தாலும் அந்தப் பக்கம் வரவில்லை.

"இது சலவைக்கூடம். போர்வை எல்லாம் நான்தான் மடிப்பேன். அதோ, அங்க உருளைக்கிழங்கு வயல். தோண்டுறது நாங்க, நல்லதா பொறுக்கி எடுத்துட்டுப் போறது அவங்க." அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

மாடியேறி ஒன்பதாம் வார்டுக்கு வந்தார்கள். கதவை யாரோ பழைய இரும்புக்காகக் கழற்றிப் போயிருந்தார்கள்; சட்டம் மட்டும் நின்றது. தரையெங்கும் கட்டில் கால்களின் துரு வட்டங்கள். சிக்னே நேராகச் சன்னலோரம் தன் கட்டில் கிடந்த நான்கு வட்டங்களுக்குப் பக்கத்தில் போய், கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

"அக்கா, நான் கீழே இருக்கேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப இறங்கி வா. யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சரி ஓரி."

கீழே டுவேன் ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கும் காபி ஊற்றினார். "அப்பல்லாம் ஊர்ல பாதிப் பேர் உள்ளே, மீதிப் பேர் அவங்களுக்குக் காவல். இழுத்து மூடினாங்க, ரெண்டு பாதியும் நடுத்தெருவுக்கு வந்துச்சு." ஒரு வாய் குடித்தார். "ஆனா தம்பி, என் வார்டுல ஒருத்தர் ஓடினதில்ல. கதவை அகலத் திறந்து போட்டாலும் காலை வைக்க மாட்டாங்க. அப்படிப் பழக்கி வச்சிருந்தோம்."

எப்படிப் பழக்கினார் என்று ஓரின் கேட்கவில்லை. காது முழுக்க மாடிப்படியில் இருந்தது.

காபி ஆறியது. வெயில் சரிந்து, செங்கல் சுவர் கறுத்தது. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை, ஏறிப் போனான்.

வாசல் சட்டத்துக்கு ஒரு விரல்கடை உள்பக்கம் இரண்டு காலையும் சேர்த்து வைத்து சிக்னே நின்றுகொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. காலுறையும் செருப்பும் நனைந்து, தரையில் சின்னதாகத் தேங்கியிருந்தது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. அவள் அப்படிச் சிரித்து அவன் எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை.

"நான் தாண்டல ஓரி."

"கதவே இல்லையே அக்கா."

"அதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தொறந்து வச்சிட்டு ஒளிஞ்சிருந்து பாப்பாங்க. பெர்னிஸ் ஒரு தடவ தாண்டிட்டா. ஈரப் போர்வையில சுத்திக் கட்டிப் போட்டாங்க. ராத்திரி பூரா அவ பல்லு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, பக்கத்துக் கட்டில்ல நான். காப்பகத்துலயும் அதே வேலைதான். மணிய அடிச்சுப் பாக்குறாங்க. நான் அசையல."

"இல்ல அக்கா. அங்க தாண்டி வரணும். வெளியே வந்தாத்தான் நல்லது. உனக்கு யாரும் எதுவும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. பெர்னிஸுக்கும் அப்படித்தான் சொன்னாங்க, போ போன்னு." கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். "நீயும் பாக்குறியா? நான் ஏமாற மாட்டேன்."

எதைச் சொன்னாலும் அதையும் இந்தச் சோதனையில்தான் சேர்ப்பாள் என்று ஓரினுக்குத் தெரிந்தது. கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றினான். கையைப் பிடித்தான். கையைப் பிடித்தால் அவள் எங்கேயும் வருவாள், உடனே வந்தாள்.

கீழே டுவேன் கைவிளக்கோடு நின்றிருந்தார்.

"நான் தாண்டல சார்."

"எனக்குத் தெரியாதா? நீ நல்ல பொண்ணாச்சே," என்று அவள் தோளைத் தட்டினார். ஓரின் அந்தக் கையையே பார்த்தான். பிறகு போய்க் கார்க் கதவைத் திறந்தான். சிக்னே திறந்த கதவுக்கு முன்னால் நின்றாள்.

"ஏறு அக்கா."

ஏறினாள். ஊர் விளக்குகள் தெரிந்ததும், "செவ்வாய்க்கிழமை நீ வருவியா ஓரி, பாக்க?" என்றாள்.

"வரேன்."

"வந்து பாரு. இம்மியும் நகர மாட்டேன்."