ஒரு சுற்று

கீ... கீ... கீ... என்று ஐஸ் பெட்டி அலறத் தொடங்கியதும் ஒப்பாரி பாதியில் அறுந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது.

இறந்துபோன சின்னப்பையனின் மச்சான் பாண்டியன்தான் முதலில் ஓடி வந்தார். சுவிட்சை அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். பெட்டி முனகிவிட்டு நின்றது.

"நின்னு போச்சுபா! எங்கப்பா அந்தப் பொட்டிக்கார ராமராஜன்?"

டீ குடிக்கப் போயிருந்த ராமராஜன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "வேற பொட்டி வாலாஜாபாத்துலேந்துதான் வரணும் சார். ரெண்டு மணி நேரம் ஆவும்."

முசரவாக்கத்தில் சித்திரை வெயில் பந்தலைப் பொத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. பாண்டியன், சின்னப்பையனின் மகள் கலைவாணியின் பக்கம் திரும்பினார்.

"கலை, சொல்றேன்னு தப்பா நெனைக்காத. இந்த வெயிலுக்குத் தாங்காது. மூணு மணிக்கே எடுத்துடலாம்."

"தம்பி மஸ்கட்லேந்து வந்துக்கினு இருக்கான் மாமா. ஆறு மணிக்கு வூட்ல இருப்பான்."

"வரட்டும்மா. ஆனா அவன் வர்ற வரைக்கும் வெச்சிருந்தா மொகம் மொகமாவா இருக்கும்?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா செல்லியம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

ராமராஜன் பெட்டியின் பக்கத் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்தான்.

"கழட்டாதீங்க," என்றாள் கலைவாணி. "சுவிட்சு மேலயும் யாரும் கை வைக்காதீங்க."

எழுந்து பெட்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். மகள் அப்பாவைக் கடைசியாகச் சுற்றி வருகிறாள் என்று நினைத்துப் பெண்கள் மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன், பல்கலைக்கழகத்துப் பட்டறையில் செய்முறைத் தேர்வு. ஓடி ஓடி நின்றுபோகும் ஒரு லேத் இயந்திரத்தைக் காட்டிச் சரிசெய்யச் சொன்னார்கள். எடுத்த எடுப்பில் ஸ்பானரைப் பிடித்து மோட்டாரைப் பிரித்துப் போட்டாள். பழுது உள்ளே இல்லை. காற்றுப் போகும் துளையில் வேண்டுமென்றே பஞ்சைத் திணித்து வைத்திருந்தார்கள். செய்முறையில் போய் யாராவது அரியர் வைப்பார்களா? அவள் வைத்தாள்.

இன்று ஒரகடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அவள்தான் தலைமை. உற்பத்தி லைன் நின்றால், ஒரு சுற்று வந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடமாட்டாள். 'பிரதட்சண மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அது அவள் காதுக்கும் வரும்.

கால்மாட்டில் நின்றாள். அவள் கம்பெனியிலிருந்து வந்த மலர்வளையம், ஆளுயரத்துக்கு. 'எங்கள் பொது மேலாளரின் அருமைத் தந்தைக்கு' என்று தங்க எழுத்து. கொண்டுவந்தவர்கள் அதைப் பெட்டியோடு சாய்த்து நிறுத்தி, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் மோட்டார் மூச்சு விடும் கம்பிவலை இருந்தது.

வளையத்தைத் தூக்கி வேலியோரம் போட்டாள். வலை முழுக்கச் சாமந்தி இதழ்கள் அப்பிக் கிடந்தன. அதற்கடியில் எத்தனையோ சாவு வீட்டுத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகியிருந்தது. மண்டியிட்டு விரலாலேயே சுரண்டினாள்.

"மேடம், நகருங்க, நான் பண்றேன்," என்று நெளிந்தான் ராமராஜன்.

"மாலை வலை மேல வுழாம பாத்துக்கறது உன் வேலை. இனிமே அதைப் பண்ணு. இப்ப கால் மணி நேரம் மோட்டார் ஆறட்டும்."

பாண்டியன் கடிகாரத்தையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி கழித்து அவளே சுவிட்சைப் போட்டாள். மோட்டார் சீராக உறுமியது.

"ஒரு வளையத்துக்கா இந்தக் கூத்து?" பாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிப்பா, ஆறு மணிக்கே எடுத்துக்கலாம். மேளக்காரங்ககிட்ட சொல்லிடுங்க."

கலைவாணி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் பத்தும் கரி. யோசிக்காமலே கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

படிக்கும்போது ஆறு மாதம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. முடித்துவிட்டு வீடு திரும்பிய அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "கையை முந்தானைக்குள்ள வெச்சிக்கினு வா. படிக்கப் போனவ கை மாதிரியா இருக்குது?" என்றார் அப்பா. வந்தவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பேச்சு போகவில்லை. அன்றிலிருந்து, சோறு தின்னும் நேரம் தவிர அவர் எதிரில் அவள் கை வெளியே வந்ததில்லை. அவரும் ஏன் என்று கேட்டதில்லை. நேற்று அவருக்கு மூச்சு முட்டியபோது அவள் தொழிற்சாலையில் இருந்தாள். வந்து சேர்வதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

செல்லியம்மாள் மகளின் முந்தானையை விலக்கினாள். கறுத்த கையை எடுத்து, பெட்டியின் கண்ணாடி மேல், அவர் முகத்துக்கு நேராக வைத்தாள்.

"வெளியவே வைமா. நேத்து கடைசியா ஒரு வாய் தண்ணிகூட கேக்கல உங்கப்பா. 'அவ கை எங்க, அவ கை எங்க'ன்னுதான் தேடிக்கினு இருந்தாரு."