நாலாவது வரிசையில் அண்ணி

1

இந்தக் கதை எனக்குக் கழுத்துவலியில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மலையுச்சியில் கதை தோன்றுமாம். எனக்கு ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையை இப்படி அப்படித் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. திருப்ப முடிந்திருந்தால் சன்னலைத்தான் பார்த்திருப்பேன். முடியாததால் எதிரே இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அவள் வலது கணுக்காலில் கட்டு. கண்கள் மூடியிருந்தன. தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் தோள் லேசாக அசைந்தது, தாடை உயர்ந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே, "சுண்டு, மறுபடியும் லேட்டு" என்றாள்.

பக்கத்தில் சுண்டு என்று யாரும் இல்லை.

2

முதல் வரியாக நான் எழுதி வைத்திருந்தது இது: *மேடை வெளிச்சத்தில் ஆயிரம் கண்கள் பார்த்திருக்க, அவள் கால் தடுமாறிய அந்தக் கணத்தில்*

வேண்டாம். வாசித்துக் காட்டியபோது அவளே சிரித்துவிட்டாள். விழுந்தது மேடையில் இல்லை, வீட்டு மாடிப்படியில். துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பதுதான் பகல் முழுக்க வேலை. சுண்டு அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. சலவைக்கடையில் துணி தேய்க்கிறாள். இருவரும் ஜோடி நடனம் ஆடுகிறவர்கள். சுண்டு அழைப்பதைப் போலவே நானும் இவளை அண்ணி என்று எழுதப்போகிறேன்.

(அண்ணியும் நாத்தனாரும் கைகோத்து ஆடுகிறார்கள் என்றதுமே, "சரி, இது கட்டுக்கதைதான்" என்று முடிவுகட்டியிருப்பீர்கள். சண்டையும் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

வருடா வருடம் நகரப் போட்டிக்குப் போய், முதல் சுற்றிலேயே வெளியேறி, வரும் வழியில் எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது இவர்கள் வழக்கம். இந்த வருடம் என்ன காற்று அடித்ததோ, இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார்கள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் மாடிப்படி.

கணுக்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, காலை ஊன்றவே கூடாது, போட்டியைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதீர்கள் என்றார் டாக்டர். ஜோடியில் ஒருவர் விலகினால் இருவரும் விலக வேண்டும் என்பது போட்டி விதி. சுண்டு அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, ஜலதோஷம் என்றாள். அண்ணி நம்பியது போல முகத்தை வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை, கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மனதுக்குள் ஆடத் தொடங்கினாள்.

3

இங்கேதான் எனக்குச் சிக்கல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை எப்படி எழுதுவது? *அவள் உட்கார்ந்திருந்தாள். பிறகும் உட்கார்ந்திருந்தாள். சற்று நேரம் கழித்து* என்று போனால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். இந்தப் பெண் கதைக்குத் தாங்குவாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

காப்பாற்றியது அவர்கள் சண்டை. சாயங்காலம் சுண்டு வேலை முடிந்து வருவாள். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணி ஆரம்பித்துவிடுவாள்.

"மூணாவது சுத்துல நீ லேட்டு. கை வரவே இல்ல."

"அண்ணி, இன்னிக்கு நான் ஆடவே இல்லயே. கடையில தேச்சுக்கிட்டு இருந்தேன்."

"என் மனசுக்குள்ள ஆடினல்ல? அங்கதான் லேட்டு."

"அது உங்க மனசு. அங்க நான் லேட்டா வந்தா யார் தப்பு?"

இது நியாயமான கேள்வி என்பதால் அண்ணிக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. கணவன் நடுவே புகுந்து, தங்கைக்குத் துணையாக நானே ஆடிக் காட்டுகிறேன் என்றான். நடனத்தில் தாண்டும் இடத்தில் அவனைத் தூக்கிச் சுற்றப் பார்த்ததில் சுண்டுவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள்.

4

சண்டைக்குள் ஒரு பயம் ஒளிந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன்.

நடனத்தின் நடுவில் ஒரு தாண்டல் வருகிறது. அண்ணி ஓடிவந்து தாண்ட, சுண்டு இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட வேண்டும். மனதுக்குள் ஆடும்போது அந்த இடத்தில் அண்ணி ஒவ்வொரு முறையும் விழுந்தாள். முதலிலிருந்து ஆடினாலும் விழுந்தாள், மெதுவாக ஆடினாலும் விழுந்தாள். சொந்த மனசு, சொந்தக் கால், அதிலேயே விழுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. சுண்டு லேட்டு என்று அவள் கத்தியதெல்லாம் இதை மறைக்கத்தான்.

கடைசியில் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னாள். அந்தப் பெண் அண்ணியின் காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆடுறப்போ உங்களை நீங்களே பாக்குறீங்களா?"

"ஆமா, நல்லாத் தெரியுது. புடவை மடிப்பு உள்பட."

"எங்க இருந்து பாக்குறீங்க?"

அண்ணி யோசித்தாள். "நாலாவது வரிசையில இருந்து."

"அப்ப டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க. ஆடுறது யாரோ. அங்க இருந்து எந்திரிச்சு மேடைக்குப் போங்க."

அன்று வீட்டில் அண்ணி மேடைக்குப் போனாள். இந்த முறை தன் முகம் தெரியவில்லை. பாதத்துக்கடியில் மரப்பலகை குளிர்ந்தது. சுண்டுவின் உள்ளங்கையில் கடைச் சூடும் கஞ்சி வாசனையும் இருந்தன. தன் மூச்சு தனக்கே கேட்டது. *இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?* என்று கண்ணாடிக் கடையில் கேட்பது போலவே தன்னைக் கேட்டுக்கொண்டாள். இதுதான். தாண்டினாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டுப் போட்ட கால் தலையணை மேலேயே இருந்தது, ஆனால் நெற்றி வியர்த்திருந்தது.

(நெற்றி வியர்த்தது நான் சேர்த்தது இல்லை. நான் சேர்த்தது புடவை மடிப்பு.)

5

போட்டி நாளுக்குள் கட்டுப் பிரித்து, நடந்து, மெல்ல ஆடவும் தொடங்கியிருந்தாள். வலி இல்லையென்றால் தாண்டலாம், வந்தால் கூடவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அரங்கத்தின் பக்கத்து நடைவழியில் ஒத்திகை பார்த்தபோது வலி வந்தது.

இந்த இடத்தில், *பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்* என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல பக்கம். அண்ணி கிழிக்கச் சொன்னாள். நடந்தது இதுதான்: சுவரில் சாய்ந்து, "நான் உன்னைக் கெடுத்துட்டேன்" என்றாள். சுண்டு தன் காலணியின் வாரை இறுக்கினாள். பிறகு சொன்னாள்.

"நான் தாண்டுறேன். நீங்க பிடிங்க. பிடிக்கிறவங்களுக்கு இடது காலுதான் எடை தாங்கணும்."

"என் பக்கம் உனக்குத் தெரியாதே."

சுண்டு தரையைப் பார்த்தாள். தேய்க்கும்போதெல்லாம் தானும் மனதுக்குள் ஆடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். எதிரே அண்ணி இல்லாமல் ஆட வரவில்லையாம், அதனால் அண்ணியாகவும் தானே ஆடினாளாம். "யாரோட சட்டையோ ஒண்ணு தீஞ்சு போச்சு. அது நீங்க தாண்டுற இடம்."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தினமும் சுண்டுவைத் திருத்துவதற்காக அவள் பக்கத்தையும் மனதுக்குள் ஆடி ஆடி, அது தனக்கு மனப்பாடமாகிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தாள்.

மேடையில் அந்த இடம் வந்தது. சுண்டு ஓடிவந்தாள். அண்ணி இடது காலை ஊன்றி நின்றாள். இதுவரை உடம்பால் ஒருமுறைகூடச் செய்யாத காரியம். கைகளில் ஒரு முழு மனுஷியின் கனம் வந்து இறங்கியது. மனதில் ஆடும்போது இல்லாதது அந்தக் கனம் மட்டும்தான். சுற்றினாள். இறக்கினாள். சுண்டுவின் இரண்டு பாதங்களும் சத்தமில்லாமல் தரையைத் தொட்டன.

6

வென்றார்களா?

முடிவு எனக்குத் தெரியும். எழுதத்தான் விடமாட்டேன் என்கிறாள் அண்ணி.

"ஜெயிச்சோம்னு எழுதினா, காலை உடைச்சுக்கிட்டவங்க எல்லாம் எக்சர்சைஸை விட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துடுவாங்க. தோத்தோம்னு எழுதினா, கண்ணை மூடி உக்காந்திருக்கிறவங்களைப் பாத்து வீட்ல சிரிப்பாங்க. ரெண்டும் வேணாம்."

ஆகவே உங்களிடம் விடுகிறேன். காலில் கட்டோடு படுத்தபடி இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் வென்றார்கள், நீங்களும் மறக்காமல் காலை மடக்கி நீட்டுங்கள். நன்றாக நடமாடிக்கொண்டு, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உதட்டைப் பிதுக்குகிறீர்களா? உங்கள் கணக்கில் அவர்களுக்கு நான்காம் இடம்தான்.

இப்போது நடுவர் தாளோடு மேடைக்கு வருகிறார். அண்ணி ஒற்றைக் காலில் நிற்கிறாள், சுண்டு தோள் கொடுத்திருக்கிறாள். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்குகிறது. தாள் உங்கள் கையில். வாசியுங்கள்.