நோவார்க் ஏறிய மாலை

மகரிப் தொழுததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். அமெரிக்காவில் பங்குச் சந்தை திறக்கிற நேரம் அது. மேலப்பாளையத்தின் சத்தம் கீழேயே நின்றுகொள்ளும், கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வரும். போனில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று எங்கள் நோவார்க், மற்றது அதன் போட்டிக் கம்பெனி சிலித்ரா. இரண்டும் கம்ப்யூட்டர் சிப் செய்கிறவை. சிலித்ராவை நான் ஓரகத்தியைப் போல வெறுத்தேன். அது வேகமான சிப் ஒன்றைக் கொண்டுவந்தால் எங்கள் விலை சரியும், எனக்கு அன்று சோறு இறங்காது.

என்னைக் கட்டிய மாப்பிள்ளை அனஸ் பதினோரு வருஷமாகச் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். மிச்சம் பிடித்ததையெல்லாம் என் பேரில் நோவார்க்கில் போட்டிருந்தோம். நாற்பது லட்சம் ஆகிற அன்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாகப் பேச்சு.

சிப் நகத்தளவுதான், அதற்குள் கோடிக்கணக்கான பாதைகள் என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து மாடியில் கண்ணை மூடினால் அந்தப் பாதைகள்தான். அவர் பெட்டியோடு நடந்து வருவார். ஒரு முக்கு திரும்பினால் ஆற்றுப் பாலம் வரும். குளித்துவிட்டு வருகிறேன் என்று தண்ணீரில் இறங்குவார், நான் கரையில் துண்டோடு நிற்பேன். கிறுக்குதான். ஆனால் மாடியில் இருக்கிற அந்த அரை மணி நேரம்தான் நான் அவரோடு குடும்பம் நடத்தினேன்.

போன செவ்வாய்க்கிழமை நோவார்க் புதுச் சிப்பை அறிவித்தது. சிலித்ரா சரிந்தது. எங்கள் பணம் நாற்பது லட்சத்தைத் தொட்டது. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. சிலித்ராவை ஜெயிக்கப் புது ஆலை கட்ட நோவார்க் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறதாம், அந்தக் கடன் கம்பெனி மதிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டதாம். அப்படித் தாண்டினால் அந்தப் பங்கு மார்க்கப்படி நமக்கு ஆகாது, அதற்குப் பிறகு வந்த லாபத்தைத் தர்மமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாங்கள் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட நியதி. மூன்று லட்சம் போகும். அதில் எனக்கு மறுப்பில்லை.

எப்போது தாண்டியது என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பைய சொன்னார்: "அங்கன வந்து நான் என்ன செய்ய, ஷம்ஸியா? இங்கன எனக்கு ஒரு வேலை இருக்கு. அங்கன நான் யாரு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனிக் கடனை மாதாமாதம் பார்க்கத் தெரிந்த மனுஷர், அது தாண்டிய பிறகும், நாற்பது நிறையாமல் போகட்டும் என்று என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். நானோ ஒன்றுமறியாத சிலித்ராவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தேழு போதும். வாங்க" என்றேன்.

"பாக்கேன்" என்றார்.

அன்றே எல்லாவற்றையும் விற்றேன். பணம் வந்ததும் மூன்று லட்சத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தேன். மிச்சத்தில் தம்மாமிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு டிக்கெட் போட்டு, அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் ஆகிறது. படத்துக்குக் கீழே, அவர் பார்த்துவிட்டார் என்கிற இரண்டு நீலக் கோடுகள் மட்டும் விழுந்திருக்கின்றன.