தட்டணுக்களின் வக்கீல்

ரத்தத்தை நிறுத்துகிறவன் என்று வைகுண்டராஜுக்கு இருந்த அகம்பாவம் ராஜபாளையத்தில் வேறு யாருக்கும் கிடையாது. பன்னிரண்டு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறவர். 1998 மாசியில் நெஞ்சு வலித்தபோது, வாயு என்று இரண்டு கோலி சோடாவைக் குடித்து, ஏப்பம் விட்டே அரை நாளை வீணாக்கினார். அதன் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அசீனாவிடம் போய்ப் படுத்தார்.

பிழைத்ததும் டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று பொடிசுகள் உண்டு. காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு அடைப்பது அவற்றின் வேலை. அவைதான் இதயத்துக்குப் போகும் குழாயையும் அடைத்துவிட்டன. ரத்தம் போகாமல் செத்த சதையை அப்புறப்படுத்த வெள்ளை அணுக்கள் வரும். வேலை முடிந்தால் அவை மடிந்துவிட வேண்டும். ஆனால் தட்டணுக்கள் கூடச் சேர்ந்துகொண்டு அவற்றின் ஆயுளை நீட்டிவிடுவதாக இப்போது ஆராய்ச்சியில் சொல்கிறார்களாம்.

“சாவு வீட்டுல துஷ்டிக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரிதான் அண்ணாச்சி. காரியம் முடிஞ்சா கெளம்பிரணும். காப்பி குடுத்து உக்கார வச்சா, இருக்கிறவங்க சோத்தையும் தின்னுட்டுத்தான் போவாங்க.”

தட்டணுக்கள் ஒட்டாமலிருக்கத் தினம் ஒரு ஆஸ்பிரின் என்றார் டாக்டர். தன் வீட்டு ஆட்களைத் திட்டியது போல வைகுண்டராஜுக்குச் சுருக்கென்றது. ரத்தத்தை அடைப்பது ஒரு குற்றமா? அவர் சோறு தின்பதே அதில்தானே.

மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் வீரணனின் சவரக்கடையில் கத்தி கன்னத்தைக் கீறியது. படிகாரம் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் சாம்பிள் பேண்டேஜை எடுத்து அழுத்தினார், அதுவும் நனைந்தது. அண்ணாச்சி பேண்டேஜ் அண்ணாச்சிக்கே ஆகவில்லை என்று காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கொல்லையில் போய்த் துப்பினார். எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்ற மனைவி வெள்ளத்தாய்க்குத் தெரியவில்லை, பாவம்.

மூன்றாம் வாரம் மறுபடி வலித்தது. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டர் கேட்க, வெள்ளத்தாய் முந்திக்கொண்டாள்.

“அவிய ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டரம்மா. எங்கையாலதான் குடுக்கேன்.”

டாக்டர் முகம் மாறியது. மாத்திரையையும் மீறி அடைக்கிறதென்றால் இன்றே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம் என்றார். வெள்ளத்தாய் உடைந்துபோனாள். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தது தப்போ, தண்ணீர் குறைவாகக் கொடுத்துவிட்டேனோ என்று தன்னையே நொந்துகொண்டு அழுதாள். ஊர் சிரிப்பைத் தாங்காத மனிதரால் இதையும் தாங்க முடியவில்லை.

“அவ மேல தப்பில்ல. நாந்தான் துப்பிட்டேன்.” சவரக்கடை விவகாரத்தையும் சொல்லிவிட்டார்.

மதுரைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெள்ளத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாலு பேரு சிரிச்சதுக்காவ என்னைய அறுதலியாக்கப் பாத்தீகளா?”

அவள் மாத்திரையை அவர் வாயில் போட்டுத் தண்ணீரையும் ஊற்றினாள். விழுங்கிய பிறகும் விடவில்லை. நாக்கைத் தூக்கச் சொன்னாள். டாக்டர் பார்க்க, இரண்டு நர்ஸுகள் பார்க்க, வைகுண்டராஜ் வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.