முதல் பேஸில் ஒரு ஃப்ரிட்ஜ்

பெல்லோஸ் ஃபெரியில் பேஸ்பால் பருவம் தொடங்கிவிட்டது என்பதை யாரும் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. காலை வானொலியில் வெர்லா ஸ்டம்ப் திட்ட ஆரம்பித்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வெர்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசி இருக்கையில் எவன் எவனைக் கிள்ளினாலும் திரும்பிப் பார்க்காமலே அதட்டி உட்கார வைக்கும் குரல் அவளுக்கு. அந்தக் குரலில் வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் அணியான கெளுத்திகளின் புது ஆட்டக்காரர் பட்டியல் வெளிவந்த மறுநாள், மெரிட் நடத்தும் ‘காலை அரட்டை’க்குப் போன் போடுவாள். கெளுத்திகள் சின்ன லீகில் சின்ன அணி. ஜெயித்துப் பெயர் வாங்கியதைவிடத் தோற்றுப் பெயர் வாங்கியதே அதிகம். அதனால் அவளுக்குப் பேச விஷயம் குறைந்ததே இல்லை.

“சொல்லுங்க வெர்லா, இந்த வருஷம் நம்ம பசங்க எப்படி?” என்றார் மெரிட்.

“பட்டியலைப் பார்த்தேன் மெரிட். பார்த்துட்டு ரெண்டாவது காபி போட்டுக்கிட்டேன். பந்து வீசற பிட்சருங்கள்ல பாதிப் பேருக்கு மீசையே முளைக்கல. மூணாவது பேஸ்காரன் போன வருஷம் முட்டி வலின்னு உட்கார்ந்தான், இந்த வருஷம் எழுந்திருப்பான்னு யாரு உங்களுக்கு எழுதிக் கொடுத்தது? சரி, அதையெல்லாம் விடுங்க. முதல் பேஸுக்கு யாரோ ராய்ஸ் டில்மனாம். மிசிசிப்பிப் பையன். அவன் போன வருஷம் கோட்டை விட்ட பந்தையெல்லாம் பொறுக்கி வச்சா தனியா ஒரு கடையே போடலாம். அதுக்கு அந்த இடத்துல ஒரு ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் நிறுத்துங்க. மேல பட்டாவது பந்து நிக்கும். சம்பளம் கேக்காது. கேட்ச் விட்டுட்டு வானத்தைப் பார்க்காது.”

மற்றவர்கள் ஓடிப் பொறுக்கி எறியும் பந்தை, ஒரு காலைப் பேஸின் மேல் ஊன்றியபடி எட்டிப் பிடிப்பதுதான் முதல் பேஸ்காரனின் வேலை. அந்த ஒரு வேலையைத்தான் ராய்ஸ் டில்மன் செய்வதில்லை என்பது வெர்லாவின் வாதம். மெரிட் சிரித்துச் சிரித்து விளம்பரத்தைப் போட மறந்துபோனார். மத்தியானத்துக்குள் மளிகைக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் ஃப்ரிட்ஜ் பேச்சாகவே இருந்தது. வெர்லாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவள் கணவன் ஆர்லன் தொண்டையைச் செருமினான். ஆர்லன் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவன். மெதுவாகப் பேசுவான், அதுவும் பேசியே ஆக வேண்டும் என்றால்தான்.

“நம்ம மாடி அறைல ஆட்டக்காரன் ஒருத்தனைத் தங்க வைக்கிறதா கிளப்புல சொல்லியிருந்தோமில்ல?”

“ஆமா. பிட்சர் ஒருத்தன் வேணும்னு கேட்டிருந்தேன்.”

“பிட்சரைப் பல் டாக்டர் வீட்டுல எடுத்துக்கிட்டாங்க.”

“அப்ப நமக்கு யாரு?”

ஆர்லன் உருளைக்கிழங்கை இன்னும் சின்னதாக வெட்டினான். “நல்ல உசரமான பையனாம். கட்டில் நீளம் பத்துமான்னு கேட்டாங்க.”

“பேரைச் சொல்லு ஆர்லன்.”

“மிசிசிப்பிக்காரனாம்.”

வெர்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “முடியாதுன்னு சொல்லிடு. பூனை ஒத்துக்காதுன்னு சொல்லு.”

“நம்மகிட்டப் பூனை இல்லையே.”

“ஒண்ணு வாங்கு.”

“பையன் பஸ் ஏறிட்டான் வெர்லா. நாளைக்கு வந்துடுவான்.”

எழுந்து இரண்டு தடவை அடுக்களையைச் சுற்றி வந்தாள். மூஞ்சி அவனுக்குத் தெரியாது, பேரை வெளியூர்ப் பையன் கவனித்திருக்க மாட்டான் என்று நம்பினாள். குரல்தான் ஆபத்து. விளையாட்டுத் திடலில் உடை மாற்றும் அறையில் நாள் முழுக்க அந்த வானொலிதான் ஓடும், அதில் தன் பேச்சை மறுபடி மறுபடி போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். “அவன் முன்னாடி நான் வாயைத் திறந்தா தொலைஞ்சேன்” என்றாள்.

“அப்பத் திறக்காதே” என்றான் ஆர்லன். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

மறுநாள் ஆர்லன் போய்ப் பையனை அழைத்து வந்தான். ராய்ஸ் டில்மன் உள்ளே நுழையும்போதே நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு, நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டான். வெர்லா கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள்.

“தொண்டை கட்டிக்கிச்சு அவளுக்கு” என்றான் ஆர்லன். “டாக்டர் பேசவே கூடாதுன்னுட்டார்.”

“அய்யோ பாவம். அம்மா தேன் கொடுத்து விட்டிருக்காங்க மிஸ் வெர்லா. வெந்நீர்ல போட்டுக் குடிங்க, ரெண்டே நாள்ல சரியாயிடும்” என்று பையைத் திறந்தான் ராய்ஸ். அவன் ஊர் மரியாதையில் கல்யாணமானவளும் ‘மிஸ்’தான்.

சரியாகவில்லை. அவனுக்கு அதில் பெரிய கவலை. காலையும் மாலையும் தானே தேன் கலந்து கொண்டுவந்து நீட்டி, அவள் கடைசிச் சொட்டு குடிக்கும்வரை எதிரிலேயே நிற்பான். வெர்லாவுக்குத் தேன் என்றாலே குமட்டத் தொடங்கியது. பகலில் பேருந்தைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் பிள்ளைகள் மேல் கொட்டுவாள். அந்த நாட்களில் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்காக இருந்தார்கள்.

பையனோ வெறுக்க இடம் கொடுக்கவில்லை. ஏணி போடாமலே கூரைக் குழாயில் அடைத்திருந்த சருகை எடுத்தான். பன்றி இறைச்சி வறுவல் ஏழெட்டுத் துண்டு தின்றுவிட்டு, தட்டைத் தானே கழுவினான். அவள் ருபார்ப் தண்டை உள்ளே வைத்து ‘பை’ என்ற இனிப்புப் பண்டம் சுட்ட அன்று, முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்லா அடுத்த நாளும் பை சுட்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். “இந்த ஊர் ரேடியோல யாரோ ஒரு அம்மா என்னை ஃப்ரிட்ஜுன்னுட்டாங்களாம். இப்பப் பசங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. என் க்ளவ்வுக்குள்ள வெண்ணெய்க் கட்டியை வச்சுட்டு, உள்ளே வச்சாக் கெடாதுன்னு சொல்றானுங்க.”

வெர்லாவுக்குப் பை புரையேறியது.

“தேன் கொண்டு வரட்டுமா?” என்று எழுந்தான் ராய்ஸ்.

அந்த வாரமே அது இன்னும் பெரிதாயிற்று. கிளப் மேலாளருக்கு ஃப்ரிட்ஜ் பேச்சு எட்டி, அதில் கூட்டம் சேர்க்க வழி தெரிந்துவிட்டது. முதல் ஆட்டத்தன்று, ஆட்டம் தொடங்கும் முன் ஒரு போட்டி. ஒரு பக்கம் ராய்ஸ் டில்மன், இன்னொரு பக்கம் நிஜமான ஒரு ஃப்ரிட்ஜ். ஆளுக்குப் பத்து பந்து எறியப்படும். யார் அதிகம் தடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நடுவர், அந்த யோசனைக்கு மூலகாரணமான வெர்லா ஸ்டம்ப்.

மெரிட் வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டபோது எடுத்தது ஆர்லன். “ஓ, வருவா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?” என்று வெர்லா குசுகுசுத்தாள். மாடியில் ராய்ஸ் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீ கடைத்தெருவுல யாரையும் திட்டி நாளாச்சு. வரலைன்னு சொன்னா ஆளு போயிட்டான்னு பூ வாங்கிட்டு வந்துடுவாங்க.”

முதல் ஆட்டத்தன்று வானம் தகரம் போல இருந்தது. ஆற்றுக் காற்று கொடிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியில் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியதும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பழைய சாமான் கடை பெர்னல் இனாமாகக் கொடுத்தது. பக்கவாட்டில் ஒரு நசுங்கல், தலையில் கெளுத்தி படம் போட்ட தொப்பி. பேஸுக்குக் கொஞ்சம் தள்ளிப் புல்தரையில் அதை நிறுத்தினார்கள்.

வெர்லா கறுப்புக் கண்ணாடி போட்டு, துண்டை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பனியில் வழி தவறிய ஆளைப் போல மைதானத்தின் நடுவே நின்றாள். மெரிட் நீட்டிய மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாளே தவிர, வாயருகே கொண்டுபோகவில்லை. எல்லாம் கைஜாடைதான்.

“இன்னும் சரியாகலையா மிஸ் வெர்லா?” என்றான் பக்கத்தில் நின்ற ராய்ஸ். அவள் நடுவராக அங்கே எப்படி வந்தாள் என்று அவன் கேட்கவே இல்லை. அதை யோசிக்கிற நிலையில் அவளும் இல்லை.

ஃப்ரிட்ஜுக்கு முதலில் எறிந்தார்கள். டொம்மென்று பட்டு முன்னாலேயே விழுந்தது பந்து. ஜனம் கத்தியது. இரண்டு பந்து உச்சியில் பட்டுத் தெறித்து எங்கோ போயிற்று, ஒன்று பக்கத்தில் பறந்தது. மிச்சம் ஏழும் நின்றுவிட்டன. கடைசிப் பந்துக்குக் கதவு திறந்துகொண்டு, யாரோ உள்ளே வைத்திருந்த ஊறுகாய் ஜாடி உருண்டு வந்தது. அதற்குத் தனியாக ஒரு கைதட்டல்.

பிறகு ராய்ஸ். முதல் பந்து க்ளவ்வில் பட்டு வெளியே குதித்தது. இரண்டாவது, கால்களுக்கு நடுவே போயிற்று. “ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ்” என்று முழு மைதானமும் பாட ஆரம்பித்தது. அவன் காது சிவந்துபோனதை வெர்லா பார்த்தாள். ருபார்ப் பை தின்றபோது மூடிய கண்ணும் நினைவுக்கு வந்தது. துண்டுக்குள்ளேயே, “க்ளவ்வைத் தாழ்த்துடா, தாழ்த்து” என்று முனகினாள். மூன்றாவதைப் பிடித்தான். நான்காவதையும். அப்படியே வரிசையாக ஆறு. ஒன்பதாவது நழுவியது. கடைசிப் பந்தைப் பிடித்தால் சமம். அது நேராக, ஒரு சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி வந்தது. அவன் பிடித்தான், கையை மூடினான், மூடிய கையிலிருந்து பந்து கீழே விழுந்தது.

பெர்னல் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

வெர்லா துண்டை இழுத்து எறிந்தாள். மைக் வாய்க்குப் போய்விட்டது.

“நிறுத்துங்க. போட்டி செல்லாது. ஃப்ரிட்ஜோட கால் பேஸ் மேலயே இல்ல.”

ஒலிபெருக்கிகள் அலறின. மைதானம் சட்டென்று அடங்கியது.

“ஃப்ரிட்ஜுக்கு ஏதும்மா காலு?” என்றார் பெர்னல்.

“குனிஞ்சு பாருய்யா. அடியில நாலு இருக்கு. நாலும் புல்லுல நிக்குது. பேஸ்ல கால் வைக்காம நூறு பந்து பிடிச்சாலும் முதல் பேஸ்காரன்னு சொல்ல முடியாது. அது பிடிச்ச ஏழும் கணக்குல வராது. ராய்ஸ் ஆறு, ஃப்ரிட்ஜ் ஒண்ணுமில்ல. எடுத்துட்டுப் போ உன் பெட்டியை.”

ஜனம் ஊளையிட்டது, சிரித்தது, தொப்பிகளைத் தூக்கிப் போட்டது. வெர்லா ஜெயித்த பெருமையோடு திரும்பினாள். ராய்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

“தொண்டை...” என்றாள். “இப்பத்தான், இந்த நிமிஷம் சரியாச்சு.”

“சந்தோஷம் மிஸ் வெர்லா.” அவன் வாயோரம் துடித்தது. “எனக்கு முதல் நாளே தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே ஆர்லன் சார் சொல்லிட்டார்.”

“சொல்லிட்டானா?”

“கொஞ்ச நாளைக்குத் தெரியாத மாதிரி இரு, வீடு அமைதியா இருக்கும்னார். எனக்கும் உங்க மேல கொஞ்சம் கோவம் இருந்துச்சு. அதான் தேன்.”

“அதான் தேனா? தினம் ரெண்டு வேளையும்?”

“மூணு வேளை கொடுக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க பை சுட்டீங்க, மனசு கேக்கல.” அவன் தரையில் கிடந்த பந்தை எடுத்துத் துடைத்தான். “ஆனா மிஸ் வெர்லா, நியாயமாப் பார்த்தா ஃப்ரிட்ஜ்தான் ஜெயிச்சுது.”

“வாயை மூடு. நடுவர் நானு.”

மைக்கை அவள் இன்னும் அணைக்கவில்லை. எல்லாமே மைதானம் முழுக்கக் கேட்டது. நாலாவது வரிசையில் ஆர்லன், இரண்டு பக்கத்து ஆட்களும் முதுகில் தட்டத் தட்ட, கோட்டின் கழுத்துப் பட்டியைக் காதுவரை தூக்கிவிட்டுக்கொண்டான். வெர்லா படியேறி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நிஜமாகவே பேசாமல் இருந்தது அப்போதுதான், அது ஆர்லனுக்கு ரசிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. வானம் இன்னும் இருட்டிக்கொண்டு வந்து, மழையோடு அரிசி அரிசியாக ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மூன்றாவது இன்னிங்ஸில் சுலபமான ஒரு பந்தை ராய்ஸை நோக்கி எறிந்தார்கள். அவன் எட்டினான், கால் பேஸில் அழகாக ஊன்றியிருந்தது, பந்து மட்டும் க்ளவ்வின் விளிம்பில் தட்டி ஓடிப்போயிற்று. எதிரணிக்காரன் ஒருத்தன் சாவகாசமாக ஓடி முடித்து ஒரு ரன் எடுத்தான்.

முன்வரிசையில் இருந்த முடிவெட்டுகிறவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அவரோடு சேர்ந்து அந்தப் பகுதியே திரும்பிற்று. “என்ன வெர்லா? இப்ப என்ன சொல்றே?”

வெர்லா எழுந்து நின்றாள். கண்ணாடியில் விழுந்த ஆலங்கட்டியைத் துடைத்துக்கொண்டாள்.

“வெயில் அவன் கண்ணைக் கூசிடுச்சு” என்றாள்.

அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆர்லன் மட்டும் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இறக்கி, கையையும் அதற்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, “ஆமா, ரொம்பத்தான் கூசுது” என்றான்.