சௌந்திரத்தின் கோழிகளுக்கு ஒரு குளிர் வருடம்

ஜெகதீஸ்வரன் தன் கையால் திறக்கும் ஒயின் பாட்டிலிலிருந்து முதலில் வெளியே வருவது, அந்தத் திராட்சை விளைந்த வருடத்தின் வானிலை. அதற்கப்புறம்தான் ஒயின். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் இது தொடங்கியது. வெயில் காய்ந்த வருடத்துப் பாட்டில் ஒன்றைத் திறந்தார். பக்கத்து மேசையில் இருந்த அம்மாளின் ஈரத் தலைமுடி ஒரு நிமிடத்தில் உலர்ந்துவிட்டது. அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பாட்டிலில் ஒயின் குறையக் குறைய வானிலையும் குறையும், காலியானதும் போய்விடும். அந்த ஹோட்டலின் பார் மேனேஜர் காளிதாஸ் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டார். ஜெகதீஸ்வரன் பையைத் திறக்கும்போதே லேபிளில் வருடத்தைப் பார்த்து ஏ.சி.யைக் கூட்டியோ குறைத்தோ வைத்துவிடுவார்.

நாசிக் பக்கத்து ஒயின் கம்பெனி ஒன்றுக்கு சேலம், நாமக்கல், ஏற்காடு மூன்றையும் சுற்றி வருகிற விற்பனைப் பிரதிநிதி அவர். பிராந்தி குடிக்கிற ஊரில் ஒயினைப் பற்றிப் பேசுவது லேசான வேலை இல்லை. ஒயினின் ருசியை விளக்கக் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருந்த பழங்களை அவரும் பார்த்ததில்லை, கேட்பவர்களும் பார்த்ததில்லை. அதனால் நாவல்பழம், சேர்வராயன் மலை மிளகு, முதல் மழை விழுந்த செம்மண் என்று தானே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார். சவ்வரிசி ஆலைப் பக்கம் வரும் புளிப்பு வாடையும் அதில் உண்டு, ஆனால் அதை விற்கும்போது சொல்வதில்லை. பெண் பார்க்கப் போனபோது சொந்தக்காரர்கள் அவரைப் பழச்சாறு கம்பெனி மேனேஜர் என்றுதான் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கிருத்திகாவுக்கு உண்மை தெரிந்தது. அவள் கோபிக்கவில்லை, மழைக்காலத்தில் துணி காயாவிட்டால், வெயில் வருடத்துப் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பாள்.

அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், ஒரு பாட்டில் ஒன்பது வருடமாகப் படுத்துக் கிடந்தது. ஓய்வு பெற்றுப் போன பழைய மேலதிகாரி கொடுத்தது. பிரான்ஸ் நாட்டின் வடக்கே ஏதோ ஒரு மலைச்சரிவில், இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் விளைந்தது. கோடை முழுக்க மேகம் விலகாத வருடம் அது. அப்படிப்பட்ட குளிரிலும் நன்றாக வந்த ஒரே தோட்டம் என்று அவர் சொல்லியிருந்தார். ஜெகதீஸ்வரன் அதை ஆடி மாதம் தன் ஐம்பதாவது பிறந்தநாளில் திறப்பதாக இருந்தார். வாழ்க்கையில் ஒரு முறையாவது உண்மையிலேயே நல்ல ஒயினைக் குடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சித்திரையில் வெயில் நூற்றெட்டு டிகிரியைத் தாண்டியது. புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அக்கா சௌந்திரம் போன் செய்தார். "சாமி, கோழியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நேத்து இருநூறு போச்சு. கூரை மேல தண்ணி உட்டுப் பாத்தாச்சு, ஓலை போட்டுப் பாத்தாச்சு. உங்க மச்சான் பண்ணையை மூடிப்போடலாம்ங்கறாரு. கத்திரி முடிய இன்னும் இருவது நாளு கெடக்குது."

ஜெகதீஸ்வரன் கம்பெனிப் பாட்டில்கள் ஆறை எடுத்துக்கொண்டு போனார். நாசிக்கின் இதமான வருடங்கள் நாமக்கல் வெயிலில் நிற்கவில்லை. ஒன்று கொஞ்சம் காற்று கொடுத்தது. இன்னொன்று வறண்ட வருடம் போலும், ஷெட்டில் புழுதி பறந்ததுதான் மிச்சம். மச்சான் சின்னுசாமி ஆறையும் மரியாதையோடு குடித்துத் தீர்த்தார்.

"குளுரு வருசத்துது ஒண்ணும் இல்லியாடா?" என்று சௌந்திரம் கேட்டார்.

ஜெகதீஸ்வரன் காலிப் பாட்டில்களை எடுத்துப் பையில் போட்டார். "ஒண்ணு இருக்குதுங்க்கா. ஆனா குளுரு நிக்கோணும்னா அதைக் குடிக்கக் கூடாது. தொறந்து வெச்சு குடிக்காம உட்டா மூணு நாள்ல கெட்டுப்போயிரும்."

"கோழி அரை நாள்ல கெட்டுப்போயிருமடா."

 மறுநாள் காலை ஜெகதீஸ்வரன் ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சௌந்திரம் அதைக் கோழி குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் கலக்கத் தயாராக இருந்தார். சத்து மருந்தெல்லாம் அப்படித்தான் கொடுப்பது வழக்கம். ஜெகதீஸ்வரன் அவரைத் தடுத்து, ஷெட்டின் நடுவே ஒரு ஸ்டூலில் வைத்துத் திறந்தார். முதலில் ஈரமான காற்று வந்தது. பிறகு தாழ்வான மேகம் ஒன்று கூரைக்கு அடியில் தங்கி, மெல்லத் தூறியது. எட்டாயிரம் கோழிகளும் ஒரே சமயத்தில் வாயை மூடின. ஜெகதீஸ்வரன் பாட்டில் வாயில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்த சின்னுசாமி, "ஒரு டம்ளர் மட்டும் ஊத்துங்க மாப்ள. என்னன்னு பாத்துருவோம்" என்றார்.

"ஒரு டம்ளர் போனா அஞ்சுல ஒரு பங்கு குளுரு போயிருமுங்க மச்சான்."

"அப்ப வேண்டாமுங்க மாப்ள."

"நீங்க அந்த ஸ்டூல் பக்கம் போனீங்கன்னா காலை ஒடச்சுப்போடுவேன்," என்று சௌந்திரம் கணவரிடம் சொல்லிவிட்டு, குளிர் வெளியே போகாமல் ஷெட்டின் மழைக்காலப் படுதாக்களை இறக்கிக் கட்டப் போனார்.

இருபது நாளும் அந்த ஷெட்டில் மட்டும் பிரான்ஸ் நாட்டுக் கோடை நடந்தது. முட்டை ஏற்ற வரும் லாரி டிரைவர் சந்தோஷ்குமார் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொண்டார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். ஜெகதீஸ்வரன் தினமும் வேலை முடிந்து வந்து பாட்டிலை முகர்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் நாவல்பழம் போயிருந்தது. ஐந்தாம் நாள் செம்மண் போயிருந்தது. பத்தாம் நாள் ஊறுகாய் வாடை வந்தது. அதற்கப்புறம் அவர் முகரவில்லை. கத்திரி முடிந்த அன்று அதை வேப்பமரத்தடியில் கொட்டினார். மேகம் ஷெட்டிலிருந்து வெளியேறி ராசிபுரம் ரோட்டைத் தாண்டிப் போனது. பாட்டிலைத் திறந்ததிலிருந்து கோழி ஒன்றுகூடச் சாகவில்லை. பண்ணையை மூடுகிற பேச்சும் அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் சௌந்திரம் தம்பிக்கு அந்த ஷெட்டு முட்டையில் இரண்டு அரைவேக்காடு போட்டுக் கொடுத்தார். தட்டை வைத்துவிட்டு, "உன் பொறந்தநாளுக்கு வெச்சிருந்ததாமா. கிருத்திகா இப்பத்தான் போன்ல சொன்னா. வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க அதைத் தொறக்க உட்டிருக்கமாட்டீங்களேங்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாய் வைத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். இன்னொரு வாய் வைத்தார். தட்டை லேசாகச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோனார். நாவல்பழம் இருந்தது. நனைந்த செம்மண்ணும், அதற்குப் பின்னால் தூரத்தில் மிளகும் இருந்தன. விழுங்கிய பிறகும் நிமிடக் கணக்கில் நாக்கில் நின்றது.

இன்றைக்கும் அந்த ஷெட் முட்டைகள் அப்படித்தான். பெரும்பகுதி லாரியில் கேரளா போகிறது. அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. ஆடியில் பிறந்தநாள் அன்று ஜெகதீஸ்வரன் நான்கு சாப்பிட்டார். காளிதாஸ் தன் பாரில் அதை அரைவேக்காடு, இரண்டாயிரத்துப் பதின்மூன்று என்று எழுதிப் போட்டிருக்கிறார். மிளகுத்தூள் போடக் கூடாது, மிளகு அதிலேயே இருக்கிறது என்பது ஜெகதீஸ்வரன் கருத்து. சின்னுசாமி போட்டுத்தான் சாப்பிடுகிறார்.